ஆறிரண்டு பன்னிரண்டு: பால் சொசைட்டி போர்டில் ஒரு பிட் நகர்ந்த கதை

எங்கள் ஊர்ப் பால் சொசைட்டியில் காலை ஐந்தே முக்காலுக்கே வரிசை நின்றுவிடும். ஈரோடு பக்கத்தில் ஒரு கிராமம். கேனோடும் தூக்குப்போசியோடும் வருகிறவர்களில் பாதிப் பேர் அறுபதைத் தாண்டிய பெண்கள். பாலை ஊற்றியதும் எடை மெஷினும் ஃபேட், அதாவது கொழுப்பு பார்க்கும் மெஷினும் கம்ப்யூட்டருக்குக் கணக்கு அனுப்பும், அவரவர் கைக்கு ஒரு துண்டுச் சீட்டு வரும். அந்தச் சீட்டில் இருப்பது பொடி எழுத்து, கண்ணாடி இல்லாமல் வந்தவர்களுக்கு அது வெறும் தாள். அதனால்தான் செக்ரட்டரி அண்ணன் என்னைக் கூப்பிட்டு, உறுப்பினர் எண், லிட்டர், ஃபேட், ரூபாய் நான்கையும் சுவரில் பெரிதாகக் காட்டுகிற மாதிரி ஒரு எல்.இ.டி போர்டு செய்து தரச் சொன்னார்.

போர்டைச் செய்ய எனக்கு இரண்டு வாரம் ஆனது. அது ஏன் கெடுகிறது என்று கண்டுபிடிக்க இரண்டு மாதம். அந்த இரண்டு மாதத்தைத்தான் இங்கே எழுதுகிறேன், ஏனென்றால் மேக்ஸ் 7219 என்கிற இதே சிப்பை வைத்து போர்டு செய்கிறவர்கள் நிறையப் பேர் இதே இடத்தில் மாட்டிக்கொள்வதைப் பார்க்கிறேன், கடைசியில் "மாட்யூல் சரியில்லை" என்று புதிதாக வாங்கிப் போட்டுவிடுகிறார்கள், அதுவும் கொஞ்ச நாளில் அதே மாதிரி ஆகிறது.

போர்டில் என்ன இருக்கிறது

8க்கு 8 புள்ளி உள்ள சிவப்பு எல்.இ.டி கட்டங்கள் பதினாறு. மேலே எட்டு, கீழே எட்டு. மொத்தம் 64 புள்ளி அகலம், 16 புள்ளி உயரம், அதாவது 1024 எல்.இ.டி. நான்கு கட்டம் ஒரே பலகையில் வரும் மாட்யூலாக நான்கு வாங்கினேன், கடையில் எஃப்.சி 16 என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள். ஒவ்வொரு கட்டத்துக்கும் அடியில் ஒரு மேக்ஸ் 7219 சிப். மூளையாக ஈ.எஸ்.பி 8266 உள்ள நோட்எம்சியூ என்கிற சின்னக் கன்ட்ரோலர், கம்ப்யூட்டரில் இருந்து வைஃபை வழியாகக் கணக்கை வாங்கிக்கொள்ள வசதி என்று அதை எடுத்தேன். வீட்டுக் கரண்டை 5 வோல்ட்டாக்கித் தர 10 ஆம்பியர் எஸ்.எம்.பி.எஸ் பெட்டி ஒன்று.

சிப்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் பின்னால் வருவது விளங்காது. மேக்ஸ் 7219 முதலில் ஏழு கோட்டு எண் டிஸ்ப்ளேக்காக வந்த சிப். எட்டு எண் இலக்கம், ஒவ்வொன்றிலும் புள்ளியோடு சேர்த்து எட்டு எல்.இ.டி, ஆக 64. அதே 64ஐ எட்டு வரிசை எட்டு நெட்டுவரிசையாகக் கட்டினால் மேட்ரிக்ஸ். ஒரு நேரத்தில் ஒரு வரிசைதான் எரியும், சிப் தானே எட்டு வரிசையையும் நொடிக்குச் சுமார் 800 தடவை சுற்றிச் சுற்றி எரிய வைப்பதால் கண்ணுக்கு எல்லாம் சேர்ந்து எரிவதாகத் தெரியும். கன்ட்ரோலர் செய்ய வேண்டியது ஒன்றுதான்: எந்த வரிசையில் எந்தப் புள்ளி எரிய வேண்டும் என்று ஒரு தடவை சொல்லிவிட்டால் போதும், அடுத்து மாற்றும்வரை சிப் அதையே காட்டிக்கொண்டிருக்கும்.

சொல்வதற்கு மூன்று கம்பி. டேட்டா, கிளாக், லோடு. கிளாக் ஒரு தடவை துடிக்கும்போது டேட்டா கம்பியில் நிற்கிற ஒரு பிட், அதாவது 0 அல்லது 1, உள்ளே நுழையும். ஒரு செய்தி 16 பிட். முதல் நான்கு பிட்டை சிப் பார்க்காது, அடுத்த நான்கு முகவரி, கடைசி எட்டு டேட்டா. முகவரி 1 முதல் 8 வரை எட்டு வரிசைகள். 9 என்றால் டீகோடு, அதாவது வருகிற டேட்டாவை எண்ணாக மாற்றிக் காட்டவா, அப்படியே காட்டவா என்பது. 10 வெளிச்சம், 16 படி. 11 எத்தனை வரிசையைச் சுற்ற வேண்டும் என்பது. 12 தூக்கமா விழிப்பா என்பது, அதில் கடைசி பிட் 0 என்றால் கட்டம் இருண்டுவிடும். 15 டெஸ்ட், அதில் கடைசி பிட் 1 என்றால் மற்ற எதையும் பார்க்காமல் 64 புள்ளியும் முழு வெளிச்சத்தில் எரியும், தூக்கத்தில் இருந்தாலும் எரியும். பதினாறு சிப்பையும் சங்கிலியாகக் கோத்திருப்பதால் 256 பிட்டை வரிசையாகத் தள்ளிவிட்டு லோடு கம்பியை உயர்த்தினால், அந்த நொடியில் ஒவ்வொரு சிப்பும் தன்னிடம் நிற்கிற 16 பிட்டை எடுத்துக்கொள்ளும். முதலில் தள்ளியது சங்கிலியின் கடைசிச் சிப்புக்குப் போகும்.

இதில் கவனிக்க வேண்டியது, இந்தச் சிப் திரும்பப் பேசாது. அதன் ரெஜிஸ்டரில், அதாவது சொன்னதை அது வைத்துக்கொள்ளும் இடத்தில், என்ன இருக்கிறது என்று கேட்டுப் படிக்க வழியே இல்லை. சொன்னது போய்ச் சேர்ந்ததா, சரியாகச் சேர்ந்ததா, கன்ட்ரோலருக்குத் தெரியாது. இதைத் தெரிந்துகொண்டேதான் ஆரம்பித்தேன், ஆனால் அதன் எடை என்ன என்று அப்போது புரியவில்லை.

கெட்ட விதம்

வீட்டு மேசையில் மூன்று நாள் ஓடவிட்டேன், ஒரு புள்ளிகூட தவறவில்லை. சொசைட்டியில் மாட்டிய நாலாம் நாள் காலையில் போன்: "தம்பி, போர்டுல ஒரு கட்டம் மட்டும் முழுசா செவசெவன்னு எரியுது, மத்ததெல்லாம் நல்லாத்தான் இருக்குது." சுவிட்சை அணைத்துப் போடச் சொன்னேன், சரியாகிவிட்டது. மறுநாள் கடைசி ஐந்து கட்டம் இருண்டது. அடுத்த வாரம் ஒரு கட்டம் மட்டும் மங்கல். இன்னொரு நாள் எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் என்னவென்றே தெரியாத கோடுகள். ஒவ்வொரு தடவையும் அணைத்துப் போட்டால் சரி. இது நடந்ததெல்லாம் பாலைக் குளிர வைக்கும் பல்க் கூலரின் கம்ப்ரசர் ஓடத் தொடங்குகிற நேரத்தில்தான் என்பதை செக்ரட்டரி அண்ணன்தான் முதலில் கவனித்துச் சொன்னார்.

கோடுகளும் இருட்டும் பரவாயில்லை, பார்த்தாலே கெட்டுவிட்டது என்று தெரிந்துவிடும். என்னை உண்மையில் உலுக்கியது வேறு. ஒரு நாள் காலை நான் அங்கே நிற்கும்போது ஒரு ஆத்தா வந்து, "ஏனுங்க தம்பி, நேத்துச் சாயங்காலம் நம்ம பாலு நாப்பத்தாறு லிட்டர்னு காட்டுச்சுங்க. ஒரே ஒரு எருமைதானுங்க கட்டியிருக்கறேன்" என்றார். சீட்டில் 4.6 என்று சரியாக இருந்தது, பணமும் சரியாகத்தான் வரும். ஆனால் போர்டில் புள்ளியைக் காணோம். எண்களை 16 வரிசை உயரத்துக்கு வரைந்து, தசமப் புள்ளியை இடம் மிச்சம் பிடிக்கவென்று கடைசி வரிசையில் ஒரே ஒரு எல்.இ.டியாக வைத்திருந்தேன். அந்தக் கட்டத்தில் கடைசி வரிசை மட்டும் எரியவில்லை. 4ம் 6ம் அடிக்கோடு கொஞ்சம் குறைந்தாலும் படிக்க முடிந்தது, புள்ளி மட்டும் முழுதாகப் போய்விட்டது. நாற்பத்தாறு என்று காட்டியதால் அவர் கேட்டார். 14.6ஐ 146 என்று காட்டினாலும் கேட்பார்கள். ஆனால் வேறொரு வரிசை போய், 8 ஒன்று 6 மாதிரித் தெரிந்திருந்தால்? யாரும் கேட்டிருக்க மாட்டார்கள், மனதுக்குள் சொசைட்டிக்காரன் ஏமாற்றுகிறான் என்று நினைத்துக்கொண்டு போயிருப்பார்கள். அன்றே போர்டைக் கழற்றிக்கொண்டு வந்துவிட்டேன்.

தேடிய வழி

முதலில் கரண்டைச் சந்தேகப்பட்டேன், பாதி சரி. இந்தச் சிப்புக்கு வெளியே ஒரே ஒரு ரெசிஸ்டர், அதில் ஓடுகிற கரண்டைப் போல நூறு மடங்கு ஒவ்வொரு எல்.இ.டிக்கும் போகும். மாட்யூலில் 10 கிலோ ஓம் போட்டு வருகிறது, அதற்கு ஒரு எல்.இ.டிக்குச் சுமார் 40 மில்லி ஆம்பியர். எட்டு புள்ளியும் எரிந்தால் ஒரு சிப்புக்கு ஏறக்குறைய 330 மில்லி ஆம்பியர், பதினாறுக்கு 5 ஆம்பியருக்கு மேல். எழுத்து காட்டும்போது கால்வாசிப் புள்ளிதான் எரியும், ஆனாலும் நான் வெளிச்சத்தை உச்சத்தில் வைத்திருந்தேன். எஸ்.எம்.பி.எஸ் மேசைக்கு அடியில், போர்டு சுவரில், நடுவில் 3 மீட்டர் மெல்லிய ஒயர். எஸ்.எம்.பி.எஸ் வாயில் 5.02 வோல்ட், போர்டுக்குள் நுழையும் இடத்தில் 4.7, சங்கிலியின் கடைசிக் கட்டத்தில் 4.3. சிப்புக்குக் குறைந்தது 4 வோல்ட் வேண்டும். மல்ட்டிமீட்டர் காட்டுவது சராசரி, அடர்த்தியான வரிசை எரிகிற கணத்தில் இதைவிடக் கீழேதான் இறங்கியிருக்கும்.

தடித்த ஒயர் போட்டு, நான்கு மாட்யூலுக்கும் தனித்தனியாக 5 வோல்ட்டும் கிரவுண்டும் கொடுத்து, ஒவ்வொன்றின் வாயிலும் 470 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் வைத்தேன். வெளிச்சத்தையும் 4ஆம் படிக்கு இறக்கினேன், விடிகாலையில் அதுவே கண்ணைக் கூசும். தினமும் வந்துகொண்டிருந்த கோளாறு வாரத்துக்கு இரண்டாகக் குறைந்தது. நிற்கவில்லை.

அடுத்து சிக்னல். நோட்எம்சியூ கொடுப்பது 3.3 வோல்ட். மேக்ஸ் 7219, 5 வோல்ட்டில் ஓடும்போது 3.5 வோல்ட்டுக்கு மேல் வந்தால்தான் 1 என்று எடுத்துக்கொள்வேன் என்று அதைச் செய்யும் கம்பெனி தரும் டேட்டாஷீட்டில் எழுதியிருக்கிறது. நடைமுறையில் 3.3லேயே வேலை செய்துவிடும், அதுதான் ஆபத்து, மேசையில் வேலை செய்துவிடுவதால் யாரும் அந்த வரியைப் படிப்பதில்லை. ஆனால் கரையோரம் நடக்கிற மாதிரிதான், கம்ப்ரசரை ஓட்டும் சுவிட்சான கான்டாக்டர் ஒரு பொறி விட்டால் போதும். இடையில் 74 எச்.சி.டி 125 என்கிற சிப் ஒன்றைப் போட்டால் 3.3ஐ வாங்கி 5ஆகக் கொடுக்கும். வாங்கிப் போட்டேன். ஒரு வாரம் கழித்து மறுபடியும் இருட்டு.

அந்த ஒரு வாரம் வீணானதற்குக் காரணம் ஒரே ஒரு எழுத்து. லென்ஸ் வைத்துப் பார்த்தபோதுதான் சிப்பின் முதுகில் எச்.சி 125 என்று இருந்தது, டி இல்லை. கடையில் இரண்டும் ஒன்றுதான் என்று எடுத்துக் கொடுத்திருக்கிறார்கள். ஒன்றில்லை. எச்.சி.டி வகைக்கு 2 வோல்ட் வந்தாலே 1. எச்.சி வகைக்கு 5 வோல்ட்டில் ஓடும்போது அதே 3.5 வோல்ட் வேண்டும், அதாவது எந்தக் குறையைத் தீர்க்க அதை வைத்தேனோ அதே குறை அதற்கும் உண்டு. வாங்கும்போது முதுகைப் படித்துப் பார்த்துவிடுங்கள், அந்த டி மிக முக்கியம்.

எச்.சி.டி மாற்றியபின் கோளாறு மாதத்துக்கு ஒன்று என்ற அளவுக்கு வந்தது. செக்ரட்டரி அண்ணன் "இதுக்கு மேல என்ன தம்பி, போதும்" என்றார். எனக்குப் போதவில்லை. ஏன் ஒரு தடவை ஒரு கட்டம் மட்டும் முழுதாக எரிகிறது, ஏன் இருளும்போது மட்டும் ஒன்றாக இல்லாமல் கூட்டமாக இருள்கிறது, அதுவும் எப்போதும் சங்கிலியின் வாலில் இருக்கிற கட்டங்களாகவே? வெறும் இரைச்சல் என்றால் இப்படி ஒழுங்காகவா வரும்?

காகிதத்தில் போட்ட கணக்கு

ஒரு ராத்திரி காகிதத்தில் 16 கட்டம் போட்டு ஒரு செய்தியை எழுதிப் பார்த்தேன். கிளாக் கம்பியில் இரைச்சலால் ஒரே ஒரு துடிப்பு கூடுதலாக வந்தால் என்ன ஆகும்? ஒரு பிட் இரண்டு தடவை நுழையும். அதற்கு முன்னால் போனவை எல்லாம் ஓரிடம் இடப்பக்கம் நகரும். இரும எண்ணில் ஓரிடம் இடப்பக்கம் நகர்ந்தால் இரட்டிப்பு. டேட்டாவின் முதல் பிட், அதாவது அந்த வரிசையின் முதல் புள்ளி, முகவரிக்குள் ஏறிவிடும். அது எரிகிற புள்ளி என்றால் ஒன்று கூடும்.

இப்போது வரிசை எண்களை இரட்டித்துப் பாருங்கள். 6ஆம் வரிசைக்கு அனுப்பிய செய்தி, முதல் புள்ளி அணைந்திருந்தால் ஆறிரண்டு பன்னிரண்டு. 12 என்பது தூக்கம். 7ஆம் வரிசை, முதல் புள்ளி எரிந்தால் பதினாலும் ஒன்றும் பதினைந்து, டெஸ்ட். 5ஆம் வரிசை, முதல் புள்ளி அணைந்திருந்தால் 10, வெளிச்சம் மாறும், எரிந்தால் 11, சுற்றும் வரிசை குறையும். 4ஆம் வரிசை, முதல் புள்ளி எரிந்தால் 9, டீகோடு, புள்ளிகளை எண்ணாக நினைத்துச் சிப் ஏதோ கோடு போடும். இருட்டு, முழு எரிப்பு, மங்கல், காணாமல் போன கடைசி வரிசை, புரியாத கோடு. இரண்டு மாதமாகப் பார்த்த ஐந்தும் ஒரே காகிதத்தில் வந்து உட்கார்ந்தன. அந்த நிமிஷம் எழுந்து நடந்தேன், உட்கார முடியவில்லை.

ஒழுங்குக்கும் பதில் அங்கேயே இருந்தது. கூடுதல் துடிப்பு எந்தச் சிப்பின் செய்தி போய்க்கொண்டிருக்கும்போது வந்ததோ, அதற்கு முன்னால் அனுப்பியவை எல்லாம் வால் பக்கத்துச் சிப்புகளுடையவை. அவை முழுதாக ஓரிடம் நகர்ந்து, கடைசி பிட்டாக அடுத்த செய்தியின் முதல் பிட் வந்து நிற்கும், அது எப்போதும் 0. முகவரி 12, கடைசி பிட் 0 என்றால் தூக்கம். அதனால்தான் வால் பக்கத்தில், முதல் புள்ளி அணைந்திருந்த கட்டங்கள் கூட்டமாக இருண்டன. டெஸ்ட்டுக்கோ கடைசி பிட் 1 வேண்டும். அது துடிப்பு விழுந்த அந்த ஒரு சிப்பில் மட்டும்தான் சாத்தியம், ஏனென்றால் அதில் மட்டும்தான் தன் சொந்தக் கடைசி பிட் நகராமல் நிற்கும். முழுதாக எரிந்தது எப்போதும் ஒரே கட்டமாக இருந்தது இதனால்தான்.

நம்பினாலும் கண்ணால் பார்க்க வேண்டும் அல்லவா. சிப்போடு பேசத் தயாராகக் கிடைக்கும் லைப்ரரி நிரலை விட்டுவிட்டு, மூன்று கம்பியையும் நானே ஏற்றி இறக்குகிற மாதிரி ஒரு சின்ன நிரல் எழுதி, 7ஆம் வரிசை போகும்போது ஐந்தாம் சிப்பின் டேட்டா நடுவில் கிளாக்கை வேண்டுமென்றே ஒரு தடவை அதிகமாகத் துடிக்க வைத்தேன். முதல் புள்ளியும் கடைசிப் புள்ளியும் எரிகிற மாதிரி ஒரு படம். ஐந்தாம் கட்டம் பளிச்சென்று முழுதாக எரிந்தது, மற்றவை அசையவில்லை. அடுத்து 6ஆம் வரிசையில் அதையே செய்தேன், அதற்கு அப்பால் இருந்த கட்டங்களில் முதல் புள்ளி அணைந்தவை எல்லாம் ஒரே நொடியில் இருண்டன.

அப்புறம் ஒரு கேள்வி பாக்கி. போர்டை நான் நொடிக்குப் பத்துத் தடவை புதுப்பிக்கிறேனே, தப்பு அடுத்த நூறாவது மில்லி நொடியில் சரியாகியிருக்க வேண்டாமா? நிரலைத் திறந்தால் பதில் கண்ணெதிரே. நான் திரும்பத் திரும்ப அனுப்பியது 1 முதல் 8 வரை மட்டும். 9, 10, 11, 12, 15 ஐந்தையும் தொடக்கத்தில் ஒரு தடவை சொன்னதோடு சரி. படத்தில் விழுந்த தப்பு உடனே அழிந்துகொண்டிருந்தது, அமைப்பில் விழுந்த தப்பு சுவிட்சை அணைக்கும்வரை அப்படியே நின்றது. பதில் சொல்லாத ஒருவரிடம் ஒரு தடவை மட்டும் சொல்லிவிட்டு, கேட்டிருப்பார் என்று இருந்துவிட்டேன். இந்தச் சிப்போடு வேலை செய்கிற எல்லோரிடமும் நான் சொல்ல விரும்புவது இது ஒன்றைத்தான்: படத்தைப் புதுப்பிக்கும் ஒவ்வொரு தடவையும் அந்த ஐந்தையும் சேர்த்து அனுப்புங்கள். எட்டுச் சுற்றுக்குப் பதில் பதின்மூன்று சுற்று. பதினாறு சிப்புக்கு மொத்தம் 3328 பிட், 1 மெகாஹெர்ட்ஸ் கிளாக்கில் மூன்றேகால் மில்லி நொடிதான் ஆகும். அதே மதிப்பை மறுபடி எழுதுவதால் கண்ணுக்கு எதுவும் மினுக்காது.

இதில் இன்னொரு காரணமும் உண்டு. சுற்றும் வரிசை ஒன்றிரண்டாகக் குறைந்து நின்றுவிட்டால், எட்டு வரிசைக்குப் பங்கு போக வேண்டிய கரண்ட் அந்த ஒன்றிரண்டு வரிசையிலேயே பாய்ந்துகொண்டிருக்கும். மூன்று வரிசையோ அதற்கும் குறைவோ ஆனால் ரெசிஸ்டரை மாற்றச் சொல்கிறது டேட்டாஷீட், ஒரே வரிசை என்றால் எல்.இ.டிக்கு 10 மில்லி ஆம்பியர்தான் எல்லை. 40ல் ஓடவிட்டால் சிப் சூட்டில் போய்விடும்.

கம்பியையும் விடவில்லை. மாட்யூலின் ஐந்து பின் வரிசை: 5 வோல்ட், கிரவுண்டு, டேட்டா, லோடு, கிளாக். ரிப்பன் கேபிளில் அதே வரிசையில் போனால் கிளாக் ஓரத்தில், பக்கத்தில் கிரவுண்டு இல்லாமல், 3 மீட்டர் ஆன்டெனாவாக நிற்கும். கணக்கு வைஃபையில் வரும்போது கன்ட்ரோலர் மேசைப் பக்கம் இருக்க வேண்டிய அவசியமே இல்லை, நிரல் ஏற்ற வசதி என்று அங்கே வைத்திருந்தேன். போர்டுக்குப் பின்னாலேயே மாட்டினேன். இப்போது கிளாக் கம்பி ஒரு சாண்.

புள்ளியும் எழுத்தும்

தசமப் புள்ளி இப்போது இரண்டுக்கு இரண்டு, நான்கு எல்.இ.டி. ஒரு வரிசை போனாலும் மீதி நிற்கும், தூரத்திலிருந்தும் தெரிகிறது. தமிழ் எழுத்திலும் இதே பாடம்தான். லிட்டர் என்று எழுதினால் இரண்டு மெய்ப்புள்ளி வருகிறது, ஒற்றை எல்.இ.டியாக வைத்தால் பத்தடி தள்ளி நிற்கிறவர் கண்ணுக்கு அது இல்லை. அதற்கும் நான்கு கொடுத்தேன்.

எட்டு வரிசைக்குள் தமிழை அடக்க முடியாது என்பதால்தான் இரண்டடுக்கு. ஆங்கில எழுத்து ஏழு வரிசையில் அடங்கிவிடும், நமக்கு மேலே இகர விலங்கும் புள்ளியும், கீழே உகரச் சுழியும் வேண்டும். பதினாறில் நடு எட்டு எழுத்துக்கு, மேலே நான்கு, கீழே நான்கு என்று பிரித்து வரைந்தேன். உறுப்பினர் என்று போட்டால் எண்ணுக்கு இடமில்லை, எனவே எண் என்று சுருக்கினேன், அதில் அந்த ண என்னை மூன்று மாலை உட்கார வைத்தது. பதினொரு நெட்டுவரிசையில் வரைந்தால் ன மாதிரி ஆகிவிடுகிறது, பதின்மூன்று கொடுத்தபின்தான் சுழிகள் பிரிந்து தெரிந்தன.

நாளை மாலை பால் எடுக்கப்படாது என்கிற மாதிரி அறிவிப்பு ஓட விட வேண்டும் என்று செக்ரட்டரி அண்ணன் கேட்டார். இதைக் கன்ட்ரோலரில் செய்ய முயலவில்லை. யூனிகோடில் தமிழின் ஒவ்வொரு குறியும் யு.டி.எஃப் 8ல் மூன்று பைட், கொ என்பதில் முதலில் க, பிறகு ஒகரக் குறி என்று இருக்கும், வரையும்போதோ கொம்பு முன்னால், கால் பின்னால் போக வேண்டும். கம்ப்யூட்டருக்கு இந்த அடுக்கும் வேலை ஏற்கனவே தெரியும். அங்கேயே வாக்கியத்தைப் படமாக வரையச் சொல்லி, புள்ளிகளை மட்டும் அனுப்புகிறேன். ஒரு முழுத் திரைக்கு 128 பைட், அவ்வளவுதான்.

இன்னும் பாக்கி

கன்ட்ரோலர் நடுவில் தொங்கி நின்றுவிட்டால் சிப் கடைசிப் படத்தை விடாமல் காட்டிக்கொண்டிருக்கும். முன்னால் ஊற்றியவரின் லிட்டர் அடுத்தவருக்குத் தெரியும், இது இருட்டைவிட மோசம். கம்ப்யூட்டரில் இருந்து ஐந்து நொடி எதுவும் வரவில்லை என்றால் எண்ணை அழித்துக் கோடு போடச் செய்திருக்கிறேன், தொங்கினால் கன்ட்ரோலரைத் தானே மறுபடி தொடங்க வைக்கும் வாட்ச்டாக் உண்டு, வலது மேல் மூலையில் ஒரு புள்ளி நொடிக்கொரு தடவை மினுக்கும். மினுக்கம் நின்றால் போர்டை நம்பாதீர்கள் என்று எடை போடுகிற அக்காவிடம் சொல்லிவைத்திருக்கிறேன், தினமும் பெட்டியைத் திறந்ததும் முதலில் அதைத்தான் பார்க்கிறார்.

சிப் பேசாது என்றேன், ஒரு சின்ன வாய் மட்டும் உண்டு. சங்கிலியின் கடைசிச் சிப்புக்கும் டேட்டா அவுட் பின் இருக்கிறது, அதை யாரும் எதிலும் இணைப்பதில்லை. 256 பிட் தள்ளியபின் அடுத்த 256 தள்ளும்போது, முதலில் தள்ளியது அங்கே அப்படியே வெளியே வரும். ரெஜிஸ்டரைப் படிக்க முடியாதுதான், ஆனால் பிட்டுகள் நகராமல் போய்ச் சேர்ந்தனவா என்று ஒப்பிட்டுப் பார்க்கலாம். அது 5 வோல்ட், நோட்எம்சியூவுக்கு 3.3 வேண்டும், 10 கிலோ ஓமும் 20 கிலோ ஓமும் வைத்துப் பிரித்துக் கொடுத்திருக்கிறேன். போன ஞாயிற்றுக்கிழமைதான் சால்டர் செய்தேன். ஒவ்வொரு தடவை பொருந்தாமல் போகும்போதும் கம்ப்யூட்டரில் நேரத்தோடு ஒரு வரி எழுதும், கம்ப்ரசர் ஓடத் தொடங்கும் நேரத்தோடு அதை வைத்துப் பார்க்க வேண்டும்.

46 லிட்டர் ஆத்தா இப்போதெல்லாம் பாலை ஊற்றிவிட்டுச் சீட்டை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டு, போர்டைப் பார்த்து "நாலு புள்ளி ஆறு" என்று சத்தமாகப் படித்துவிட்டுத்தான் நகர்கிறார்.